ஊரிலிருந்து ஒரு பழைய டிரான்சிஸ்டர்

இந்த விடுமுறையில் ஊருக்குப் போனபோது எனக்கென்று வைத்துக்கொண்ட வேலை ஒன்றுதான்: நல்ல நிலையில் ஒரு பழைய மல்டிபேண்ட் டிரான்சிஸ்டர், அதாவது பல அலைவரிசைகள் (பேண்டுகள்) எடுக்கும் ரேடியோ வாங்குவது. மற்றதெல்லாம் வீட்டார் போட்ட பட்டியல்.

விற்பவர்களில் முதலில் பார்த்தவர் பளபளவென்று ஒரு பெட்டியைக் காட்டி, "ஃபுல் சர்வீஸ் சார்" என்றார். சிற்றலையில் 15.3 மெகாஹெர்ட்ஸில் வந்த ஸ்டேஷன், முள்ளை 14.4 பக்கம் இறக்கியதும் மறுபடி வந்தது. அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஐஎஃப் (வந்த சிக்னலைப் பெட்டி உள்ளே மாற்றிக்கொள்ளும் இடைநிலை அதிர்வெண்) 455 கிலோஹெர்ட்ஸ் உள்ள சாதாரணப் பெட்டிகளில், அதன் இரு மடங்கான 910 கிலோஹெர்ட்ஸ் கீழே அதே ஸ்டேஷனின் நிழல் விழும். ஆனால் பேட்டரி மூடியைத் திறந்தால் ஸ்பிரிங் முழுக்கப் பச்சைக் களிம்பு. வால்யூமைத் தொட்டாலே கரகரப்பு. சர்வீஸ் செய்தது வெளிக்கூட்டுக்கு மட்டும்!

இரண்டாவது ஆள் வயதான மெக்கானிக். கேட்கும் முன்பே அறையின் எல்இடி விளக்கையும் செல்போன் சார்ஜரையும் அணைத்தார். "இதுங்க இரைச்சலை ரேடியோ மேல போடக் கூடாது தம்பி" என்றார். அங்கேயே பாதி முடிவு செய்துவிட்டேன்.

அவரிடம் மூன்று இருந்தன. கிரண்டிக் சாட்டலைட் 2100-இன் ஒலிக்கு ஈடில்லை. ஆனால் சிற்றலைக்குச் சுழலும் டிரம் டியூனர் (பேண்ட் மாற்ற உள்ளே ஒரு உருளையே சுழலும்), அதன் தொடர்புகளில் அழுக்கு ஏறினால் ஒவ்வொரு பேண்டும் மக்கர் பண்ணும். எடையும் விமானத்துக்கு ஆகாது. சோனி ஐசிஎஃப்-7600டி கைக்கு அடக்கம், எண்ணை அழுத்தினால் ஸ்டேஷன் வந்துவிடும். எனக்கோ முள்ளைத் திருப்பித் தேடுவதில்தான் சுகம், அதனால் அதுவும் வேண்டாம்.

மிச்சம் பானாசோனிக் ஆர்எஃப்-2200. எட்டு பேண்டில் ஆறு சிற்றலை. மேலே ஆன்டெனாக் கட்டை ஒன்று தனியாகச் சுழல்கிறது. மத்திய அலையில் இரண்டு ஸ்டேஷன் மோதினால் அதைத் திருப்பி ஒன்றை அமுக்கிவிடலாம், பெட்டியைத் தூக்கித் திருப்ப வேண்டாம். உள்ளே இருக்கும் கிரிஸ்டல் ஒவ்வொரு 500 அல்லது 125 கிலோஹெர்ட்ஸுக்கும் ஒரு குறி சிக்னல் தரும். முள்ளை அதோடு பொருத்திவிட்டால் டயலில் இருக்கும் எண்ணை நம்பலாம். எத்தனை பேண்ட் என்பதைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

காய்ந்துபோன கண்டன்சர்களை மாற்றி, சுவிட்சுகளைக் கழுவித் தர இரண்டு நாள் கேட்டார். நாலு நாளானது. சரி, கழற்றிய பழைய கண்டன்சர்களை ஒரு பொட்டலத்தில் போட்டுக் கையில் கொடுத்தாரே, அந்த நேர்மைக்கு இரண்டு நாள் தரலாம்.

விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொன்னார்கள். நாலு பெரிய பேட்டரியையும் முன்பே கழற்றி வைத்திருந்ததால் பேச்சு வளரவில்லை. சோதித்தவர் அந்த ஆன்டெனாக் கட்டையை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தந்தார்.

பேண்ட் சுவிட்ச் மட்டும் இன்னும் லேசாகக் கரகரக்கிறது. அடுத்த முறை போகும்போது அவரிடமே எடுத்துப் போக வேண்டும்.