கோடு வாரியாகவா, கால வாரியாகவா? ஐஇஎல்டிஎஸ் கோட்டு வரைபடத்தை விவரிக்கும் இரு முறைகள்

ஆங்கில மொழித்திறன் தேர்வான ஐஇஎல்டிஎஸின் அகாடமிக் (உயர்கல்விப்) பிரிவில், எழுத்துத் தேர்வின் முதல் பணியில் கோட்டு வரைபடம் வந்தால், ஏறத்தாழ 20 நிமிடங்களில், 150 சொற்களுக்குக் குறையாமல் அதை விவரிக்க வேண்டும். முன்னுரையும் ஒட்டுமொத்தப் போக்கைச் சொல்லும் பத்தியும் எந்த முறையிலும் மாறுவதில்லை. அவற்றுக்குப் பின் வரும் விவரப் பத்திகளைப் பிரிப்பதில்தான் இரு வழிகள் உள்ளன: ஒவ்வொரு கோட்டையும் தொடக்கம் முதல் முடிவு வரை தனித்தனியே எழுதுவது ஒன்று; காலத்தைக் கூறுகளாக்கி, ஒவ்வொரு கூறிலும் எல்லாக் கோடுகளையும் சேர்த்து எழுதுவது மற்றொன்று.

உண்மையான தரவு ஒன்றை வைத்தே இரண்டையும் சோதித்துப் பார்க்கலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகர்ப்புற மக்களின் பங்கு, 1991, 2001, 2011 ஆகிய ஆண்டுகளில், தமிழ்நாட்டில் முறையே 34.2, 44.0, 48.4 சதவிகிதம், கேரளத்தில் 26.4, 26.0, 47.7, இந்தியா முழுமைக்கும் 25.7, 27.8, 31.2.

கோடு வாரியாக எழுதுபவர் தமிழ்நாட்டை முடித்துவிட்டுக் கேரளத்துக்கு வருவார். காலமும் வினைச்சொற்களும் குழம்பாது. பதற்றத்தில் எழுதுபவருக்கு இது பெரிய வசதி. ஆனால் கேரளம் 2001இல் தேசியச் சராசரிக்குக் கீழே இறங்கியதும், பத்தே ஆண்டுகளில் தமிழ்நாட்டை ஏறக்குறைய எட்டிப்பிடித்ததும் இந்த அமைப்பில் எந்தப் பத்திக்கும் உரியவை அல்ல. முதன்மைக் கூறுகளைத் தேர்ந்தெடுத்துப் பொருத்தமான இடங்களில் ஒப்பிடுமாறு வினாத்தாளே கேட்கிறது; ஒப்பீடு இல்லாத இரண்டு மூன்று தனி வரலாறுகள் அந்தக் கட்டளையைப் பாதிதான் நிறைவேற்றுகின்றன. விவரங்களை இயந்திரத்தனமாக அடுக்கும் எழுத்து 5ஆம் பேண்டின் (9 வரையிலான மதிப்பெண் நிலைகளில் ஒன்றின்) விளக்கத்திலேயே இடம்பெற்றிருப்பதையும் நினைவில் கொள்ளலாம்.

கால வாரியாக எழுதினால், முதல் பத்தாண்டில் தமிழ்நாடு சுமார் 10 சதவிகிதப் புள்ளிகள் ஏறியபோது கேரளம் சற்றே சரிந்தது என்றும், அடுத்த பத்தாண்டில் தமிழ்நாட்டின் வேகம் பாதிக்கும் கீழே குறைய, கேரளம் 20 புள்ளிகளுக்கு மேல் பாய்ந்தது என்றும் ஒவ்வொரு வாக்கியமும் ஒப்பீடாகவே அமைகிறது. 'வைல்' (while), 'வேர்ஆஸ்' (whereas) போன்ற ஒப்பீட்டு இணைப்புச் சொற்களை வலிந்து நுழைக்க வேண்டிய தேவையும் இல்லை. கேரளத்தின் பாய்ச்சலில் பெரும்பகுதி, பெரிய கிராமங்கள் கணக்கெடுப்பு நகரங்களாக, அதாவது நிர்வாகத்தில் கிராமமாகவே இருந்தும் கணக்கெடுப்பில் நகரமாக எண்ணப்படுபவையாக, வகைப்படுத்தப்பட்டதால் நேர்ந்தது. ஆயினும் அந்தக் காரணம் தெரிந்தவரும் விடைத்தாளில் அதை எழுதக் கூடாது. படத்தில் இல்லாத விளக்கத்துக்கு இந்தப் பணியில் இடமில்லை.

இந்த வரைபடத்துக்குக் கால வாரி முறையே தெளிவாகச் சிறந்தது. எனினும் அதை எல்லாப் படங்களுக்கும் விதியாக்க முடியாது. இரண்டே கோடுகள், ஒன்று தொடர்ந்து ஏறுகிறது, மற்றொன்று தொடர்ந்து இறங்குகிறது என்றால், காலத்தை வெட்டுவதற்குரிய இடமே கிடைக்காது. அங்கு ஒரு கோட்டுக்கு ஒரு பத்தி என்பது இயல்பானது. நான்கைந்து கோடுகள் இருந்தாலோ, ஒரே போக்குடையவற்றை ஒரு பத்தியில் குழுவாக்குவது இரு முறைகளையும் விட மேலானது.

சொல்வளத்தைப் பொறுத்தவரை முறை எதுவானாலும் எச்சரிக்கை ஒன்றே: 44.0இலிருந்து 48.4க்கு ஏறியதைச் சதவிகிதப் புள்ளியில் (இரு எண்களின் நேர் வித்தியாசமாக) சொன்னால் 4.4, சதவிகிதத்தில் (44.0இல் எவ்வளவு பங்கு என்று) சொன்னால் சரியாக 10. ஒன்றின் இடத்தில் மற்றதை எழுதினால் தரவே பிழையாகிறது.

எனவே எழுதத் தொடங்கும் முன், கோடுகள் திசை மாறும் ஆண்டையும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தையும் படத்தில் தேட வேண்டும். அப்படியோர் ஆண்டு தென்பட்டால் பத்தியை அங்கேயே பிரிக்கலாம். தென்படாவிட்டால் கோடு வாரியாகச் செல்வதில் தவறில்லை.