சராசரி நிலையை நம்பி ஏமாறாதீர்கள்: கூகுள் சர்ச் கன்சோல் ஒரு மதிப்பீடு

தளம் கூகுளில் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று பார்க்க, இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்து தாமே தேடிப் பார்ப்பது பலருக்கு இன்னும் பழக்கம். அது வேலைக்கு ஆகாது. லாகின் இல்லாவிட்டாலும் கூகுளுக்கு நீங்கள் இருக்கும் ஊர் தெரியும். மதுரையில் மூன்றாவதாகத் தெரிகிற பக்கம் கோலாலம்பூரில் முதல் பக்கத்திலேயே இருக்காது. உண்மையான தேடல்களில் உங்கள் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்ற கணக்கு கூகுளிடம்தான் இருக்கிறது. அதைக் காசு வாங்காமல் காட்டும் ஒரே இடம் சர்ச் கன்சோல். 2015 மே மாதம் வரை வெப்மாஸ்டர் டூல்ஸ் என்று பெயர். 2018-ல் புதிய வடிவம் வந்தபோது, 90 நாளாக இருந்த கணக்கு 16 மாதமாக நீண்டது.

ஒரே வரியில் மதிப்பீடு: தளத்துக்கு என்ன நோவு என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி இல்லை, தினமும் ரேங்க் பார்க்க இதைவிடக் குழப்பும் கருவியும் இல்லை.

தளத்தைச் சேர்க்கும்போதே ஒரு முடிவு எடுக்க வேண்டும். டொமைன் வகையா, யூஆர்எல் பிரிஃபிக்ஸ் வகையா? சொந்த டொமைன் இருந்தால் யோசிக்காமல் முதலாவதை எடுங்கள். தளம் உங்களுடையதுதான் என்று காட்ட, டொமைன் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் (டொமைன் பெயரைச் சர்வரோடு இணைக்கும் அமைப்பு) பகுதிக்குப் போய், கூகுள் தரும் வரியை டிஎக்ஸ்டி ரெக்கார்டாக (எழுத்துக் குறிப்பாக) போட்டால் போதும். எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், முன்னால் மூன்று டபிள்யூ உள்ளது, இல்லாதது, சப்டொமைன்கள் எல்லாம் ஒரே கணக்கில் வந்துவிடும். வேலை முடிந்தது என்று அந்த ரெக்கார்டை அழித்துவிடக் கூடாது. கூகுள் அவ்வப்போது திரும்பச் சரிபார்க்கும். பக்கத்தின் கோடில் போடும் மெட்டா டேக் வழியாகச் சரிபார்த்தவர்களுக்கு இதே தொல்லை வேறு உருவில் வரும். தீம் மாற்றிய அன்று டேக் போய்விடும், சில நாளில் அனுமதியும் போய்விடும். பிளாக்ஸ்பாட்டின் இலவச முகவரியில் எழுதுகிறவர்களுக்கு டிஎன்எஸ் கையில் இல்லை என்பதால் யூஆர்எல் பிரிஃபிக்ஸ்தான் வழி. அதே கூகுள் கணக்கில் இருந்தால் பெரும்பாலும் தானே சரிபார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று: ஓனர் என்ற இடத்தில் தளத்துக்குச் சொந்தக்காரரின் கணக்குதான் இருக்க வேண்டும். எஸ்இஓ (தேடலில் தளத்தை முன்னேற்றும் வேலை) பார்த்துத் தருகிறவர்களை யூசராக மட்டும் சேர்த்தால் அவர்கள் வேலை நடந்துவிடும்.

சராசரி நிலை என்ற பொறி

பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் நான்கு பெட்டிகள்: கிளிக், இம்ப்ரெஷன் (பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது), சிடிஆர் (காட்டியதில் எத்தனை சதவீதம் கிளிக் ஆனது), சராசரி நிலை (தேடல் முடிவில் எத்தனையாவது இடம் என்பதன் சராசரி). எல்லோர் கண்ணும் போவது நான்காவதில். அங்கேதான் சறுக்கல்.

ஒரு சமையல் தளம் இருக்கிறது என்று வையுங்கள். ‘வத்தக்குழம்பு செய்முறை’ என்ற தேடலில் அதன் பக்கம் 3-ம் இடத்தில் 100 முறை காட்டப்படுகிறது. சராசரி நிலை 3. அடுத்த மாதம் கூகுள் அதே பக்கத்தை வேறொரு பொதுவான தேடலுக்கும் 40-ம் இடத்தில் 400 முறை காட்டிப் பார்க்கிறது. பழைய தேடலில் இடம் மாறவே இல்லை. ஆனால் கணக்கு: 300-ம் 16,000-ம் கூட்டி 500-ஆல் வகுத்தால் 32.6. பெட்டியில் 3 என்று இருந்தது 32.6 ஆகிவிடும். கிளிக் ஒன்றுகூடக் குறையவில்லை. தளம் வளர்ந்திருக்கிறது, எண் விழுந்திருக்கிறது. தலைகீழாகவும் நடக்கும்: பின்வரிசைத் தேடல்களிலிருந்து பக்கம் மொத்தமாக நீங்கிவிட்டால் சராசரி அழகாக ஏறும்.

2025 செப்டம்பரில் இது ஊரறிய நடந்தது. ஒரே பக்கத்தில் 100 முடிவுகளைக் கேட்டு வாங்கும் வழியைக் கூகுள் அடைத்தது. ரேங்க் பார்க்கும் மென்பொருள்கள் அதுவரை அந்த வழியாகத்தான் 80-வது, 90-வது இடம்வரை துருவிக்கொண்டிருந்தன. அவை பார்த்ததெல்லாம் இம்ப்ரெஷனாகப் பதிவாகிக்கொண்டிருந்தது. வழி அடைபட்டதும் பல தளங்களில் டெஸ்க்டாப் இம்ப்ரெஷன் சரிந்தது, சராசரி நிலை துள்ளி ஏறியது. உங்கள் வரைபடத்தில் அந்த மாதம் ஒரு படி தெரிந்தால், அதற்கு முன்னும் பின்னும் உள்ள இம்ப்ரெஷனை ஒப்பிட்டு ரிப்போர்ட் எழுதாதீர்கள். கிளிக்கை மட்டும் ஒப்பிடுங்கள்.

எண்ணிலிருந்து பயன் எடுக்க வேண்டுமானால் மூன்றையும் பூட்டிவிட வேண்டும்: ஒரு தேடல் சொல், ஒரு நாடு, ஒரு சாதனம். தமிழ்த் தளங்களுக்கு நாடு மிக முக்கியம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா என்று வாசகர் சிதறியிருக்கும்போது மொத்தச் சராசரிக்கு அர்த்தமே இல்லை.

ஏஐ ஓவர்வியூ (தேடல் முடிவுகளோடு ஏஐ எழுதித் தரும் சுருக்கப் பெட்டி) வந்த பிறகு இன்னொரு சிக்கல். அந்தப் பெட்டி முழுவதற்கும் ஒரே நிலை எண். உள்ளே எத்தனை லிங்க் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் அதே எண். பெட்டி உச்சியில் இருந்தால், அதற்குள் கடைசியாக வரும் உங்கள் லிங்கும் கண்ணில் பட்டுவிட்டால் முதல் இடம் என்றுதான் பதிவாகும். நிலை ஒன்றுக்குப் பக்கத்தில், இம்ப்ரெஷன் நிலையாக, கிளிக் மட்டும் தேய்ந்தால் முதலில் இதைச் சந்தேகிக்க வேண்டும். இந்த இம்ப்ரெஷன்களைத் தனியாகப் பிரிக்க வடிகட்டி தராதது இந்தக் கருவியின் பெரிய குறை.

தமிழுக்கு வடிகட்டி போடுவது

தேடல் சொல் வடிகட்டியில் ‘கஸ்டம் ரீஜெக்ஸ்’ (எழுத்து வடிவத்தைச் சொல்லி வடிகட்டும் முறை) என்று ஒரு வசதி 2021-ல் வந்தது. தமிழ்த் தளம் வைத்திருப்பவர் இதைக் கற்றுக்கொள்ளாமல் இருக்கக் கூடாது. பெட்டியில் [அ-ஹ] என்று மட்டும் போடுங்கள். யூனிகோடில் அகரம் முதல் ஹகரம் வரை வரிசையாக இருப்பதால், தமிழ் எழுத்து ஒன்றாவது உள்ள தேடல்கள் அத்தனையும் வந்துவிடும். ‘டஸ்ன்ட் மேட்ச்’ என்று திருப்பினால் மீதி: ஆங்கிலமும், ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழும். இரண்டையும் தனித்தனியே பார்த்தால் யார் எப்படித் தேடுகிறார்கள் என்பது தெளிவாகும். தங்கிலீஷில் நிறைய இம்ப்ரெஷன், கிளிக் குறைவு என்றால், தலைப்பில் அந்தச் சொல்லின் ஆங்கிலப் பெயரையும் சேர்த்துப் பார்க்கலாம்.

சொல் வேறுபாடுகளுக்கு நடுவே ‘அல்லது’ என்று பொருள்படும் செங்குத்துக் கோடு போட வேண்டும்: வேட்டி|வேஷ்டி, சேலை|புடவை, எண்ணெய்|எண்ணை. வேற்றுமை உருபு சேரும்போது சொல்லே மாறுவதையும் கவனிக்க வேண்டும். வெறும் ‘வீடு’ என்று வடிகட்டினால் ‘வீட்டுக் கடன்’ வராது. சாமர்த்தியமாக ‘வீட’ என்று சுருக்கினால் இரண்டும் வரும், கூடவே ‘வீடியோ’ என்று தேடியவர்களும் வந்து சேருவார்கள். கணினிக்கு அது வ, ஈகாரக் குறி, ட என்ற மூன்று குறியீடுகள்தான். வீடு|வீட் என்பதே சரி.

வடிகட்டி போட்டதும் கூட்டுத்தொகை இடிக்கும். அது பிழை இல்லை. இரண்டு மூன்று மாதத்தில் சில டஜன் பேருக்கு மேல் தேடாத சொற்களைக் கூகுள் தனியுரிமைக்காக மறைக்கிறது. மேலே உள்ள மொத்தத்தில் அவை சேரும், அட்டவணையில் வராது, தேடல் வடிகட்டி போட்டால் மொத்தத்திலிருந்தும் விழுந்துவிடும். அதனால் தமிழ் எழுத்துத் தேடல், மற்றது என்ற இரண்டையும் கூட்டினால் மொத்தம் வராது. சின்னத் தளங்களில் மறைவது பெரும் பங்கு. பக்கவாரியாகப் பார்க்கும்போது இந்தக் குறை இல்லை.

தேதியிலும் இரண்டு வலைகள். நாள் கணக்கு கலிஃபோர்னியா நேரப்படி. நம் ஊர் நேரத்தில் கோடையில் மதியம் 12.30-க்கும் குளிர்காலத்தில் 1.30-க்கும்தான் அவர்களுக்குத் தேதி மாறும். காலை 10 மணிக்கு வெளியிட்ட கட்டுரையின் முதல் கிளிக்குகள் முந்தைய தேதியில் விழுவது இதனால்தான். 2024 டிசம்பரில் வந்த 24 மணி நேரப் பார்வை மட்டும் உள்ளூர் நேரத்தில் காட்டுகிறது. இரண்டாவது, பண்டிகை. 2024-ல் தீபாவளி அக்டோபர் 31. 2025-ல் அக்டோபர் 20. ‘போன வருடத்தோடு ஒப்பிடு’ என்ற பொத்தானை அமுக்கினால் பலகாரத் தளத்துக்கு அக்டோபர் நடுவில் அசுர வளர்ச்சியும் மாதக் கடைசியில் பேரழிவும் தெரியும். கஸ்டம் தேதியில் பண்டிகைக்கு முந்தைய 21 நாட்கள் என்று இரு பக்கமும் எடுத்து ஒப்பிட வேண்டும்.

16 மாதத்துக்கு மேல் கணக்கு நிற்காது. திரையில் ஏற்றுமதியும் 1,000 வரிதான். ஏபிஐ (நிரல் எழுதிக் கேட்கும் வழி) வழியாகக் கேட்டால் ஒரு முறைக்கு 25,000 வரி. 2023-ல் வந்த பிக்குவெரி (கூகுளின் தரவுக் கிடங்கு) ஏற்றுமதி இன்னும் முழுமையானது, ஆனால் இயக்கிய நாளிலிருந்துதான் சேரும், பழசைத் தராது. அது வேண்டாதவர்கள் மாதம் ஒரு முறை டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரேங்கை ஏற்ற இதை எப்படிப் பயன்படுத்துவது? நிலை 8 முதல் 20 வரை, இம்ப்ரெஷன் அதிகம் உள்ள சொற்களை எடுங்கள். ஒரு சொல்லை அழுத்திவிட்டு ‘பேஜஸ்’ டேபுக்குப் போங்கள். ஒரே சொல்லுக்கு இரண்டு பக்கங்கள் மாறி மாறி வந்தால், அவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கக் கூடும். கிளிக் அதிகமுள்ளதை வைத்துக்கொண்டு, மற்றதில் உள்ள உருப்படியான பகுதியை அதில் சேர்த்து, பழைய முகவரிக்கு 301 ரீடைரக்ட் (அங்கே வருகிறவர்களை நிரந்தரமாகப் புதியதற்கு அனுப்புவது) போட்டு, தளத்துக்குள்ளே பழையதைச் சுட்டும் லிங்குகளையும் மாற்ற வேண்டும். கடைசி வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிறகு 28 நாள் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். நடுவில் தலைப்பையும் மாற்றினால் எதனால் ஏறியது என்றே தெரியாது.

இண்டெக்ஸ் ஆகாத பக்கங்கள்

கூகுள் ஒரு பக்கத்தைத் தன் தேடல் பட்டியலில் சேர்ப்பதுதான் இண்டெக்ஸ். இண்டெக்சிங் அறிக்கையில் சேராத பக்கங்களைக் காட்டும் சாம்பல் நிறப் பட்டியலைப் பார்த்துப் பதறுகிறவர்களே அதிகம். பாதி பதறத் தேவையில்லாதவை. பிளாக்ஸ்பாட்டில் எம்=1 என்று முடியும் முகவரிகள் மொபைல் வடிவம்; ‘பேஜ் வித் ரீடைரக்ட்’ அல்லது ‘ஆல்டர்னேட் பேஜ்’ என்று வந்தால் அப்படியே விடுங்கள்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. ‘டிஸ்கவர்டு’ என்றால் முகவரி தெரியும், கூகுள் இன்னும் வந்து பார்க்கவில்லை. ‘கிரால்டு’ என்றால் வந்து பார்த்தது, எடுத்துக்கொள்ளவில்லை. முதலாவதற்குப் பெரும்பாலும் காரணம் உள்ளிருந்து லிங்க் இல்லாதது, சர்வர் மந்தம், அல்லது குப்பைப் பக்கங்களின் எண்ணிக்கை. வேர்ட்பிரஸில் கட்டுரைக்குப் பத்து டேக் போடும் பழக்கம் இருந்தால், ஒரே கட்டுரையை மட்டும் காட்டும் டேக் பக்கங்கள் நூற்றுக்கணக்கில் முளைத்திருக்கும்; அவற்றுக்கு நோஇண்டெக்ஸ் (தேடலில் சேர்க்காதே என்ற குறிப்பு) கொடுங்கள். ஏற்கெனவே கிளிக் வரும் பக்கத்திலிருந்து புதியதற்கு ஒரு லிங்க் தருவது, ‘ரிக்வெஸ்ட் இண்டெக்சிங்’ பொத்தானைவிட நன்றாக வேலை செய்யும். அந்தப் பொத்தான் ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் தாண்டினாலே கோட்டா முடிந்தது என்று சொல்லிவிடும். ஒரே பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப அமுக்குவதால் சீக்கிரம் வராது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. இரண்டாவது வகைக்குப் பொத்தானால் ஒன்றும் ஆகாது. பக்கத்தில் சரக்கு சேர வேண்டும்.

நோஇண்டெக்ஸ் கொடுத்த பக்கத்தையே ரோபாட்ஸ் கோப்பிலும் (கூகுள் எங்கே வரக் கூடாது என்று சொல்லும் கோப்பு) தடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. உள்ளே வர முடியாத கூகுள் நோஇண்டெக்ஸை எப்படிப் படிக்கும்? பக்கம் தேடலில் தொடர்ந்து வரலாம். தடையை எடுத்துவிட்டால்தான் அது நீங்கும். புதுத் தளம் மொத்தமாகவே வரவில்லை என்றால், வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் ரீடிங் பகுதிக்குப் போய், தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். சோதனைத் தளத்தை அப்படியே நகர்த்தும்போது அது கூடவே வந்துவிடும்.

வேர்ட்பிரஸில் தமிழ்த் தலைப்பையே முகவரியாக விட்டுவிட்டால் இன்னொரு வினை. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் முகவரியில் 9 எழுத்தாக விரியும். ‘தமிழ்’ என்ற சொல் மட்டும் 45. வேர்ட்பிரஸ் 200-ல் வெட்டிவிடும் என்பதால் 22 குறியீடுகளுக்கு மேல் நிற்காது. ஒரே மாதிரி தொடங்கும் இரண்டு கட்டுரைகளுக்கு ஒரே முகவரி அமைந்து, இரண்டாவதன் வாலில் 2 என்று ஒட்டிக்கொள்ளும். அறிக்கையில் எது எந்தக் கட்டுரை என்று கண்டுபிடிக்க முடியாது. புதிதாக எழுதுவதற்கு மூன்று நான்கு சொல்லில் முகவரியைக் கையால் கொடுங்கள். பழையதைத் தொட்டால் 301 கட்டாயம்.

வேக அறிக்கை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்சிபி (பக்கத்தின் முக்கியப் பகுதி தெரிய ஆகும் நேரம்) 2.5 வினாடி, ஐஎன்பி (தொட்டதற்குப் பக்கம் பதில் காட்டும் நேரம்) 200 மில்லிவினாடி, சிஎல்எஸ் (பக்கம் இடம் மாறிக் குதிக்கும் அளவு) 0.1 என்பவை எல்லைகள். கணக்கு 28 நாள் சேர்மானம் என்பதால் இன்று சரிசெய்தது நாளை தெரியாது. லிங்க்ஸ் அறிக்கை வெறும் மாதிரிப் பட்டியல்.

காசு கொடுத்து ரேங்க் டிராக்கர் தேவையா? போட்டித் தளங்களைப் பார்க்க வேண்டும், குறிப்பிட்ட ஊரிலிருந்து தினமும் நிலையை அளக்க வேண்டும், வாடிக்கையாளருக்கு வாரம் ஒரு ரிப்போர்ட் தர வேண்டும் என்றால் தேவை. செம்ரஷ், ஏரெஃப்ஸ் இரண்டும் அதைச் செய்யும். ஆனால் அவை காட்டும் தேடல் எண்ணிக்கை மதிப்பீடுதான். 0 என்று போட்ட தமிழ்ச் சொல்லுக்கு சர்ச் கன்சோலில் நூற்றுக்கணக்கில் இம்ப்ரெஷன் இருப்பது சாதாரணம். தனியாளாகத் தமிழ்த் தளம் நடத்துகிறவர் இதற்குப் பணம் கட்டுவது வீண்.

கிளிக் ஒரே இரவில் சரிந்தால் முதலில் திறக்க வேண்டியது ‘மேனுவல் ஆக்‌ஷன்ஸ்’, ‘செக்யூரிட்டி’ பக்கங்கள்; முதலாவதில் கூகுள் விதித்த தண்டனை தெரியும், இரண்டாவதில் ஊடுருவல் தெரியும். தேடல் பட்டியலில் ஜப்பானிய எழுத்துகள் தெரிந்தால் தளத்துக்குள் ஆள் புகுந்திருக்கிறான் என்று பொருள். அப்போது செட்டிங்ஸில் ‘யூசர்ஸ் அண்ட் பெர்மிஷன்ஸ்’ பகுதியையும் பாருங்கள். புகுந்தவன் தன்னையே ஓனராகச் சேர்த்துக்கொண்டிருப்பான். பெயரை மட்டும் நீக்கினால் திரும்ப வருவான். சர்வரில் அவன் போட்டு வைத்த சரிபார்ப்பு எச்டிஎம்எல் கோப்பையோ மெட்டா டேகையோ தேடி அழித்த பிறகே நீக்க வேண்டும்.