வீட் (Vite) வச்சு ரியாக்ட் ப்ராஜெக்ட்: வருஷக்கணக்கா ஓட்டின அனுபவம்

பெங்களூர்ல பெல்லந்தூர் பக்கம் ஒரு சின்ன கம்பெனில ஃப்ரன்ட் எண்ட் வேலை, அதாவது ஆப்ல கண்ணுக்குத் தெரியுற பக்கங்களைக் கட்டுறது. எங்க ப்ராடக்ட் குடோன் ஸ்டாக் பாக்குற டாஷ்போர்டு, பீன்யா தொழிற்பேட்டை சைடு ஆளுங்கதான் நிறைய யூஸ் பண்றாங்க. எழுதினது ரியாக்ட்ல (வெப் பக்கம் கட்டுற ஜாவாஸ்க்ரிப்ட் லைப்ரரி). ஆரம்பத்துல ரியாக்ட் ப்ராஜெக்ட்டை ஓட்டவும் கட்டவும் உதவுற க்ரியேட் ரியாக்ட் ஆப்ங்கற டூல்ல இருந்துச்சு, 2022ல வீட் 3 (அதே வேலையைச் செய்யுற வேற டூல்) வந்த சமயம் அதுக்கு மாத்தினோம், அப்போ டீம்ல பாதிப் பேரு ஓடுறதை எதுக்குடா தொடுறீங்கன்னு கேட்டாங்க. 2025 பிப்ரவரில ரியாக்ட் டீமே க்ரியேட் ரியாக்ட் ஆப்பை இனிமே புது ப்ராஜெக்ட்டுக்கு எடுக்காதீங்கன்னு அறிவிச்சப்புறம் அந்தப் பேச்சு அடங்கிடுச்சு.

ஸ்பீடு பத்தி எல்லாரும் சொல்றது நிஜம்தான். பழசுல உள்ள இருக்குற வெப்பேக்ங்கற பண்ட்லர் (ஃபைலெல்லாம் ஒண்ணா சேத்துக் கட்டுற டூல்) மொத்த ப்ரோக்ராமையும் கட்டி முடிச்சாதான் பக்கமே வரும், வீட் அப்படி கட்டுறதே இல்ல, ப்ரௌசர் எந்த ஃபைலைக் கேக்குதோ அதை மட்டும் அப்போதைக்கு மாத்திக் குடுக்கும், நோட் மாட்யூல்ஸ் சாமானை (வெளியில இருந்து எடுத்த லைப்ரரிகளை) மட்டும் முன்னாடியே சுருட்டி வச்சிரும், வீட் 7 வரைக்கும் அதுக்கு ஈஎஸ்பில்டுங்கற டூல், அது கோ லாங்வேஜ்ல எழுதினது, அதான் அந்த வேகம். ஆனா ப்ராஜெக்ட் பெருசானப்புறம் ஒண்ணு கவனிச்சேன், டெவ் சர்வர் (கோடு எழுதும்போது ஆப்பை ஓட்டிப் பாக்குறது) டக்குனு எந்திரிக்குது, ஆனா ஃபுல் ரீலோடு அடிச்சா நெட்வொர்க் டேப்ல நூத்துக்கணக்குல ரிக்வஸ்ட் சர்சர்னு ஓடுது. விபிஎன் வழியா ரிமோட் மெஷின்ல டெவ் சர்வர் ஓட்டுறவங்களுக்கு இது நல்லாவே உறைக்கும். ஒரே இண்டெக்ஸ் ஃபைல்ல இருந்து எல்லா காம்போனென்ட்டையும் ஏத்துமதி பண்ற பழக்கத்தை விட்டதும் எங்களுக்குக் கொஞ்சம் குறைஞ்சுது.

மாத்துற வேலை கஷ்டம் இல்ல, ஆனா நச்சு புடிச்சது. இண்டெக்ஸ் ஹெச்டிஎம்எல் பப்ளிக் ஃபோல்டர்ல இருந்து ரூட்டுக்கு வரணும், ஜேஎஸ்எக்ஸ் (ஜாவாஸ்க்ரிப்ட்டுக்குள்ள ஹெச்டிஎம்எல் மாதிரி எழுதுறது) இருக்குற ஃபைலோட பேரு டாட் ஜேஎஸ்எக்ஸ் இல்லன்னா டாட் டிஎஸ்எக்ஸ்னே முடியணும், பில்ட் ஃபோல்டர் டிஸ்ட் ஆயிடும் (டிப்ளாய் பண்ற, அதாவது சர்வர்ல ஏத்துற ஸ்க்ரிப்ட்ல அதையும் மாத்தணும்), எஸ்விஜி படத்தை காம்போனென்ட்டா இழுக்க தனி ப்ளக்இன், டெஸ்ட் ஓட்ட ஜெஸ்ட்டுக்குப் பதிலா வீடெஸ்ட். என்வ் வேரியபிள் (கோடுக்கு வெளிய வைக்கிற செட்டிங்) பேரெல்லாம் வீட் அண்டர்ஸ்கோர்னு ஆரம்பிக்கணும், இல்லன்னா கோடுக்குத் தெரியாது. புதுசா வர்றவங்ககிட்ட நான் முதல்ல சொல்றதே இதான், அந்த முன்னொட்டு போட்ட எதுவா இருந்தாலும் ப்ரௌசருக்கு அப்படியே போயிடும், எவன் வேணா திறந்து பாக்கலாம், அதனால சீக்ரெட் கீ எதையும் அதுல வச்சுத் தொலைக்காதீங்க.

டைப்ஸ்க்ரிப்ட் (ஜாவாஸ்க்ரிப்ட்டோட டைப்பும் சேத்து எழுதுறது) விஷயம் நிறைய பேருக்குத் தெரியல. ஓசூர்ல இருந்து தினம் வர்ற ஜூனியர் தம்பி ஒருத்தன், எடிட்டர்ல செவப்புக் கோடு வரிசையா நிக்குது, ஆனா "அண்ணா, ஆப் நல்லாதானே ஓடுது"ங்கறான். ஓடத்தான் செய்யும், வீட் டைப்பை உரிச்சுப் போட்டுட்டு ஜாவாஸ்க்ரிப்ட்டா மாத்துமே தவிர சரியா தப்பான்னு செக் பண்ணாது. டைப்ஸ்க்ரிப்ட்டோட சொந்த கம்பைலர் டிஎஸ்சியை நோஎமிட் (ஃபைல் எதுவும் எழுதாம செக் மட்டும்) போட்டு பில்டுக்கு முன்னாடி ஓட விடணும், எங்க சிஐல (கோடைத் தானா செக் பண்ற மெஷின்) அது ஃபெயில் ஆனா மெர்ஜ் கிடையாது.

என்னோட பெரிய குறை ஒண்ணே ஒண்ணுதான், டெவ்ல ஓடுறது ஒண்ணு, ப்ரொடக்‌ஷனுக்குப் போறது வேற ஒண்ணு. டெவ்ல தனித்தனி ஃபைலு, பில்டுல (வீட் 7 வரைக்கும்) ரோலப்ங்கற பண்ட்லர் எல்லாத்தையும் சேத்துக் கட்டும், சிஎஸ்எஸ் வரிசை மாறி இங்க நீலமா இருந்த பட்டன் அங்க சாம்பல் கலர்ல நிக்கும். அதனால பெரிய மாற்றம் எதுவும் பில்ட் போட்டு ப்ரிவ்யூ ஓட்டிப் பாக்காம இங்கேருந்து போகாது. வீட் 8ல ரோல்டவுன்னு ரஸ்ட் லாங்வேஜ்ல எழுதின ஒரே பண்ட்லருக்கு மாறிட்டாங்க, இந்த ரெட்டை வாழ்க்கை அதோட ஒழிஞ்சா நல்லது.

அப்புறம் வெள்ளை ஸ்க்ரீன். குடோன்ல காலைல திறந்த டேபை சாயங்காலம் வரை மூடவே மாட்டாங்க, நடுவுல நாம டிப்ளாய் பண்ணா ஃபைல் பேர்ல இருக்குற ஹாஷ் (உள்ள இருக்குற கோடை வச்சு வர்ற எழுத்துக் கோவை) மாறிடும், பழைய ஃபைலு சர்வர்ல இருக்காது, அவங்க ரிப்போர்ட்ஸை க்ளிக் பண்ணதும் ஒண்ணுமே வராது. இதுக்கு வீட் ப்ரீலோடுஎரர்னு ஒரு ஈவென்ட்டை விண்டோல கெளப்புது, அதைப் புடிச்சு பக்கத்தை ரீலோடு பண்ணிட்டா போதும், கூடவே இண்டெக்ஸ் ஹெச்டிஎம்எல்லை கேஷ் பண்ணாம விடணும். ரெண்டும் போட்டப்புறம் அந்த கம்ப்ளைன்ட் போன் வர்றது நின்னுடுச்சு.

எங்களை மாதிரி லாகினுக்கு உள்ள இருக்குற ஆப்புக்கு வீட் தாராளமா போதும். கூகுள்ல வரணும், கன்டென்ட் சைட்டுன்னா நெக்ஸ்ட் ஜேஎஸ் மாதிரி ஃப்ரேம்வொர்க் பக்கம் போங்க. வீட் 7 ஏத்துறவங்க நோட் ஜேஎஸ் (வீட் ஓடத் தேவையான ஜாவாஸ்க்ரிப்ட் ரன்டைம்) 20.19+ இல்லன்னா 22.12+ இருக்கான்னு பாத்துட்டு ஏத்துங்க, லேப்டாப்ல மட்டும் இல்ல, சிஐ மெஷின்லயும்.