கமால்பூர் 1971: நேரடித் தாக்குதலா, முற்றுகையா?

வங்கதேச விடுதலைப் போரைப் படிப்பவர்கள் கமால்பூரில் வந்து இரண்டாகப் பிரிவார்கள்: முக்தி பாஹினி (வங்கதேச விடுதலைப் படை) அதை நேரடியாகத் தாக்கியது சரியா, முற்றுகையிட்டது சரியா என்று. இந்தியாவில் மேகாலயாவின் மகேந்திரகஞ்சுக்கு எதிரே, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த சிறிய எல்லைக்காவல் நிலையம் அது. உள்ளே இருந்தது பாகிஸ்தானின் 31 பலூச் படைப்பிரிவின் ஒரு பகுதி. கான்கிரீட் பங்கர், சுற்றிலும் கண்ணிவெடி.

உயிர்ச்சேதம்
நேரடி: ஜூலை 31 தாக்குதலில் முக்தி பாஹினியின் கேப்டன் சலாவுதீன் மும்தாஜ் பலி, நிலையமும் விழவில்லை.
முற்றுகை: குறைவு, ஆனால் இல்லாமலில்லை. நவம்பர் 14 அன்று முக்தி பாஹினியின் செக்டர் (போர்ப் பகுதி) தளபதி அபு தாஹர் தன் ஒரு காலை இழந்தார்.

காலம்
நேரடி: ஓரிரவு.
முற்றுகை: ஏறக்குறைய மூன்று வாரம்.

தேவை
நேரடி: பீரங்கி ஆதரவு, பயிற்சி பெற்ற காலாட்படை. மழைக்காலச் சேற்றில் இரண்டும் தடுமாறும்.
முற்றுகை: நிலையத்துக்கு உதவி வரும் பக்ஷிகஞ்ச் சாலையை மறிக்க ஆள் போதும். ஊர் மக்களின் துணையும் வேண்டும், அது முக்தி பாஹினிக்குத் தாராளமாகவே இருந்தது.

பலன்
டிசம்பர் 4. மேலே இந்திய விமானங்கள் குண்டு போட, வெள்ளைக்கொடியும் சரணடையச் சொல்லும் கடிதமுமாக முக்தி பாஹினிப் பையன் ஒருவனை உள்ளே அனுப்பினார்கள். (அந்தத் தைரியம் தனிக்கதை.) மாலையில் நிலையத்தின் பாகிஸ்தான் தளபதி கேப்டன் அஹ்சான் மாலிக் சரணடைந்தார்.

என் கணக்கு: கொரில்லாக்கள் உண்மையான ராணுவமாகிவிட்டார்கள் என்று உலகுக்குக் காட்ட ஜூலைத் தாக்குதல் உதவியது. நிலையத்தைப் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் முற்றுகைதான் சரி. அதற்கும் கடைசியில் விமானம் தேவைப்பட்டது.