புது டயரோடு புத்திமதியும் தரும் கடை: ஈரோடு, பெருந்துறை சாலை

ஈரோட்டிலிருந்து பெருந்துறை செல்லும் சாலையில் உள்ள இந்த இருசக்கர வாகன டயர் கடையை நான் விலைக்காகப் பரிந்துரைக்கவில்லை. டயரை மாட்டும் முறைக்காகவும், மாட்டி முடித்த பிறகு வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்பும் விவரங்களுக்காகவுமே பரிந்துரைக்கிறேன். விலை நகரத்தின் மற்றக் கடைகளை ஒட்டியே இருக்கிறது. பேரம் பேசினால் சிறிது குறைக்கிறார்கள், அவ்வளவுதான்.

என்னுடைய 150 சிசி வண்டிக்கு முன், பின் இரண்டு டயர்களையும் இங்கே மாற்றினேன். சேலம் - கொச்சி நெடுஞ்சாலையில் நேராகவே ஓடும் வண்டிகளுக்கு நேர்வது போல, பின் டயரின் நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்து மொட்டையாகியிருந்தது. புது டயரை எடுத்து வந்த உரிமையாளர், நான் கேட்பதற்கு முன்பே அதன் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார். முதல் இரண்டு இலக்கங்கள் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிப்பவை. 1825 என்றிருந்தால் 2025ஆம் ஆண்டின் 18ஆம் வாரம் என்று பொருள். பழைய சரக்கைத் தள்ளிவிட நினைக்கும் கடையில் இந்த எண்ணைத் தேடி நாம்தான் குனிய வேண்டியிருக்கும். சற்று அகலமான டயராகப் போடலாமா என்று கேட்டதற்கு, ரிம்மின் அகலத்துக்கு மீறிய டயர் இரு பக்கமும் நெருக்கப்பட்டு வடிவம் மாறிவிடும் என்று சொல்லி மறுத்துவிட்டார். கூடுதல் விலைக்கு விற்கக்கூடிய பொருளை வேண்டாம் என்று சொன்ன வியாபாரியை அன்றுதான் பார்த்தேன்.

மாட்டும் வேலையில் அவசரம் இல்லை. ரிம்மில் டயரின் விளிம்பு உட்காரும் இடத்தில் படிந்திருந்த துருவையும் பழைய ரப்பர் பிசிறையும் தேய்த்து எடுத்தார்கள். வால்வைப் புதிதாக மாற்றினார்கள். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியைச் சரிபார்த்து, டயரின் எடை குறைந்த பகுதியைக் காட்டும் மஞ்சள் புள்ளியை வால்வுக்கு நேராக வைத்தார்கள். காற்றை ஏற்றியதும் இரு பக்கமும் 'டப்' என்ற ஓசையுடன் விளிம்பு உட்கார்ந்தது. அத்துடன் விட்டுவிடாமல், ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார்கள். பிறகு, சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமப்படுத்தும் பேலன்சிங். சக்கரத்தை வண்டியில் பூட்டிய பின் செயினின் தொய்வையும் அச்சின் நட்டையும் சரிபார்த்து, முன் பிரேக் பிடியைப் பல முறை அழுத்திப் பார்க்கச் சொன்னார்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது டிஸ்க் பிரேக்கின் பேடுகள் பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கக்கூடும் என்பதால், இதைச் செய்யாமல் கிளம்புகிறவருக்கு முதல் அழுத்தத்தில் பிரேக் பிடிக்காமலே போகலாம்.

கடைசியாக, டயரிலிருந்து ரிம் வரை குறுக்கே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்தார் உரிமையாளர். அது எதற்கென்று கேட்டபோதுதான் இந்தக் கடையின் உண்மையான மதிப்பு தெரிந்தது. "ஏனுங்க, டயர் மாட்டறப்ப சோப்புத் தண்ணி தடவியிருக்குதுங்க. அது காயறதுக்குள்ள முறுக்கி ஓட்டுனீங்கன்னா, இல்லைன்னா வெடுக்குன்னு பிரேக் போட்டீங்கன்னா, ரிம்மு மட்டும் சுத்தி டயரு அங்கேயே நிக்கும். ரெண்டு நாள் கழிச்சு இந்தக் கோடு நேரா இருக்குதான்னு பாருங்க. நூத்தம்பது கிலோமீட்டரு பதனமா போங்க" என்றார்.

அவர் சொன்ன 150 கிலோமீட்டர் கடைக்காரர் கணக்கு மட்டுமன்று. டயர் நிறுவனங்களும் ஏறத்தாழ 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் வரை நிதானமாக ஓட்டும்படி அறிவுறுத்துகின்றன. காரணங்கள் பல. தொழிற்சாலையின் வார்ப்பு அச்சிலிருந்து வெளிவரும் டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசும் பொருளின் எச்சமும், ரப்பரில் வெடிப்பு விழாமல் காக்கச் சேர்க்கும் மெழுகும் அதன் மேல் படிந்திருக்கலாம். சாலையில் உருண்டு அந்த மேல்தோல் மெல்ல உராய்ந்து போன பிறகே ரப்பருக்கு முழுப் பிடிப்பு வருகிறது. நேராக ஓட்டினால் நடுப்பகுதி மட்டுமே உராயும் என்பதை மறந்துவிடுகிறவர்கள்தான் வளைவில் வழுக்கி விழுகிறார்கள்: நடுவில் நன்றாகப் பழகிவிட்ட டயர், வண்டி சாயும்போது தரையைத் தொடும் ஓரத்தில் இன்னும் கடையில் வாங்கிய நிலையிலேயே இருக்கும். ஆகவே முதலில் சாயாமல் ஓட்டி, பிறகு இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டிலும் சிறிது சிறிதாகச் சாய்வைக் கூட்டிக்கொண்டு போவதே முறை. டயரின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகள் உதிர்ந்துவிட்டால் பழகிவிட்டது என்று சிலர் நினைப்பதும் சரியன்று. அந்த முடிகள் அச்சின் காற்றுத் துளைகளில் உருவானவை, பிடிப்புக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

இன்னொன்று, வண்டியின் நடத்தையே மாறிவிடுகிறது. தட்டையாகிப்போன டயரில் வண்டியை வலிந்து சாய்த்துப் பழகிய கைக்கு, உருண்டையான புது டயர் தானாகவே வளைவுக்குள் விழுவது போலத் தோன்றும். இது டயரின் குறையன்று. ஆனால் அந்த வேறுபாடு கைக்குப் பிடிபடும் வரை நிதானம் தேவை.

எந்தச் சாலையில் பழக்குவது என்பதையும் கடையில் கேட்டேன். காங்கேயம் பக்கம் போக்குவரத்து குறைந்த காலை நேரத்தில் போய் வரச் சொன்னார். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே திடீர் பிரேக் போட வேண்டிவரும் என்பதால் அதைத் தவிர்க்கச் சொன்னார். சத்தியமங்கலத்துக்கு மேலே 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையும், ஆழியாறிலிருந்து 40 வளைவுகளில் ஏறும் வால்பாறைச் சாலையும் புது டயருக்கு உகந்தவை அல்ல என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. ஆனால் டயர் மாற்றிய கையோடு மலைக்குக் கிளம்புகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். நீண்ட பயணத்துக்காகத்தானே டயரையே மாற்றுகிறார்கள்! பயணத்துக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே மாற்றிவிடுவது நல்லது. பல்லடம், உடுமலைப் பக்கத்தில் ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் குறுக்குக் காற்றில் வண்டியைச் சற்றுச் சாய்த்தே ஓட்ட வேண்டியிருக்கும் என்பதால், அக்காலத்தில் அந்தத் திறந்த வெளிச் சாலைகளும் இதற்கு வேண்டாம். வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழையில் சாலையின் எண்ணெய்ப் படிவு மேலே வந்துவிடும். புது டயர் போட்டவர் அன்று வண்டியை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தயம் பார்த்துவிட்டு வந்து, சாலையில் இடமும் வலமுமாக வெட்டி வெட்டி ஓட்டி டயரைச் 'சூடாக்கும்' இளைஞர்களைப் பற்றியும் பேச்சு வந்தது. டயருக்குச் சூடு ஏறுவது அளவாக வேகம் கூட்டுவதாலும் அளவாகப் பிரேக் போடுவதாலும்தான். வெட்டி ஓட்டுவதால் இன்னும் பழகாத ஓரங்களின் மேல் வண்டியைப் போடுவதே நடக்கிறது. உப்புத்தாளால் தேய்ப்பது, பெட்ரோலாலும் மண்ணெண்ணெயாலும் துடைப்பது ஆகிய குறுக்குவழிகளும் கூடாது. எண்ணெய் சார்ந்த திரவங்கள் ரப்பரைக் கெடுத்துவிடும்.

இந்த இடத்தில்தான் கடையின் மேல் எனக்குள்ள முதல் குறை. உரிமையாளர் இவ்வளவு சொல்லிக்கொண்டிருக்க, வேலை செய்யும் தம்பி பக்கத்து வண்டியின் புது டயருக்குப் பளபளப்புத் திரவம் பூசிக்கொண்டிருந்தார். பக்கவாட்டில் மட்டும் பூசினால் பெரிய கேடில்லை. அது வழிந்து சாலையைத் தொடும் பகுதிக்கு வந்தால் ஆபத்து. டயர் பழகி முடியும் வரை எங்குமே பூசாமலிருப்பது நல்லது. வேண்டாம் என்று நாமே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது, நைட்ரஜன் நிரப்பச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் என்பதால், அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு அந்தச் செலவு தேவையில்லை. மூன்றாவது, இத்தனை நல்ல ஆலோசனைகளும் வாய்மொழியாகவே வருகின்றன. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அத்தனை பேருக்கும் இதே பொறுமையுடன் சொல்வார்களா என்பது சந்தேகமே. ரசீதின் பின்புறத்தில் நான்கு வரி அச்சடித்துக் கொடுக்கலாம்.

சுண்ணக்கட்டிக் கோடு என் வண்டியில் இரண்டு சக்கரங்களிலும் நகரவில்லை. 150 கிலோமீட்டருக்குப் பிறகு மீண்டும் சென்றபோது, வண்டி ஆறும் வரை நிறுத்தி வைத்து, வண்டி நிறுவனம் குறிப்பிட்டிருக்கும் அளவுக்குக் காற்றைச் சரிசெய்து, அச்சின் நட்டை மறுபடியும் பார்த்துக் கொடுத்தார்கள். அதற்குக் காசு வாங்கவில்லை. வார நாட்களில் முற்பகலில் போனால் உரிமையாளரே வேலையைக் கவனிக்கிறார்.