பிளாக் டிக்கெட் மாதிரிதானே என்று நினைத்தேன்: இங்கிலாந்தில் கால்பந்து பார்க்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

446 பவுண்டு கொடுத்து டிக்கெட் வாங்கிய ஆட்டத்தை, மைதானத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் இருந்த ஒரு பப்பில் டிவியில் பார்த்துவிட்டு வந்தோம், நானும் என் மகனும். அந்த நாள் கணக்கில் ஐம்பதாயிரம் ரூபாய்க்குப் பக்கம். இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்குத் தெரிந்தே இரண்டு குடும்பங்கள் அடுத்த விடுமுறைக்கு இதே யோசனையில் இருப்பதால் எழுதுகிறேன்.

டிக்கெட் விற்ற இணையதளத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதே மாதிரி பல தளங்கள் இருக்கின்றன, ஒன்றைச் சொன்னால் மற்றதெல்லாம் நல்லது என்று ஆகிவிடும். கிளப்பின் பெயரும் வேண்டாம். வடக்கு லண்டன், பெரிய கிளப், அது போதும். தப்பு அவர்களுடையது இல்லை.

எங்களுக்குத் திருச்சி. மகன் பத்தாம் வகுப்பு. இங்கிலாந்தின் முதல் நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக் என்றால் இரவு ஒரு மணிக்கும் அலாரம் வைக்காமலே எழுந்துகொள்வான், பள்ளிக்கு எழுப்பத்தான் தண்ணீர் தெளிக்க வேண்டும். அக்கா குடும்பம் கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறது. காலாண்டு விடுமுறையோடு எனக்கும் லீவு சேர்ந்து கிடைத்தது. அவனுடைய அணி அந்த வாரம் லண்டனுக்கு வந்து விளையாடுகிறது என்று தெரிந்ததும் வேறு எதையும் யோசிக்கவில்லை.

முதலில் கிளப்பின் சொந்தத் தளத்துக்குத்தான் போனேன். உறுப்பினர்களுக்கு மட்டும், குலுக்கலும் முடிந்துவிட்டது என்று வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். கூகுளில் தேடினேன். மேலே முதலாவதாக வந்த தளத்தில் இரண்டு இருக்கைகள், பக்கத்துப் பக்கத்தில், ஆளுக்கு 185 பவுண்டு. பணம் கட்டும் பக்கத்துக்குப் போனதும் சேவைக் கட்டணம் என்று ஆளுக்கு 38 பவுண்டு ஏறியது. மூலையில் ஒரு கடிகாரம் வேறு, இன்னும் ஏழு நிமிடம், ஆறு நிமிடம் என்று இறங்கிக்கொண்டே இருந்தது. கட்டிவிட்டேன்.

அந்த நேரத்தில் என் மனசில் ஓடியதைச் சொல்லிவிடுகிறேன், ஏமாந்ததே அதனால்தான். கல்லூரிக் காலத்தில் தீபாவளிப் படங்களைத் தியேட்டர் வாசலில் பிளாக்கில் வாங்கிப் பார்த்தவன் நான். பிளாக் என்றால் என்ன? ஐம்பது ரூபாய் டிக்கெட் இருநூறு ரூபாய். வயிறு எரியும், ஆனால் உள்ளே போய் உட்கார்ந்துவிடலாம். டிக்கெட் கிழிப்பவர் யாரிடம் வாங்கினாய் என்று கேட்க மாட்டார். இங்கிலாந்திலும் அப்படித்தான், விலைதான் கூட என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே கதை வேறு. டிக்கெட் காகிதமே அநேகமாக இல்லை, எல்லாம் போனில். அதுவும் ஓர் உறுப்பினரின் பெயரில், அவருடைய கணக்கில் இருக்கும். அதை அவர் கிளப் அனுமதிக்கும் வழியில் மட்டும்தான் இன்னொருவருக்கு மாற்றலாம். வேறு வழியில் விற்றால் டிக்கெட் செல்லாது. நாம் கொடுக்கும் பணம் யாரோ ஒருவருடைய உறுப்பினர் அட்டையை இரண்டு மணி நேரம் இரவல் வாங்குவதற்கான வாடகை, அவ்வளவுதான்.

சரி, அடுத்த அடி தேதியில் விழுந்தது. நான் வாங்கியபோது ஆட்டம் சனிக்கிழமை மூன்று மணி. சில வாரம் கழித்து டிவி ஒளிபரப்புக்காக ஞாயிறு மாலை நாலரைக்கு மாற்றிவிட்டார்கள். இது யாரும் செய்யும் மோசடி இல்லை, அங்கே வழக்கமே அப்படித்தான். சனிக்கிழமை மூன்று மணி ஆட்டங்களை இங்கிலாந்துக்குள் நேரலையில் காட்டுவதில்லை. பகல் 2:45 முதல் 5:15 வரை கால்பந்து ஒளிபரப்புக்குத் தடை உண்டு. சின்ன ஊர் மைதானங்களுக்கு ஆள் வராமல் போய்விடக் கூடாது என்று பல பத்தாண்டுகளுக்கு முன் வந்த ஏற்பாடு. அதனால் டிவிக்காரர்கள் எடுக்கும் ஆட்டமெல்லாம் வெள்ளி இரவு, சனி மதியம், ஞாயிறு, திங்கள் என்று நகர்ந்துவிடும். அக்கா குடும்பத்தோடு ஸ்டோன்ஹெஞ்ச் போக அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிவு செய்திருந்த பேருந்துப் பணம் போயே போய்விட்டது. விமானம், ஓட்டல் எதையும் ஆட்டத்தை ஒட்டிப் பதிவு செய்யாதீர்கள். முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாள் விட்டு வையுங்கள்.

டிக்கெட் சனி இரவு பதினொரு மணி வரை வரவில்லை. தளத்தின் உதவி எண்ணில் பாட்டு மட்டும் ஓடியது. அப்புறம் தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் இரண்டு இணைப்புகள், கூடவே ஒரு குறிப்பு: 'மைதான ஊழியர்களிடம் பேச்சு வேண்டாம். கேட்டால் நண்பர் கொடுத்தார் என்று சொல்லவும். நாளை இரவே போனிலிருந்து நீக்கிவிடவும்.' இருக்கை எண்களைப் பார்த்தால் ஒன்று ஒரு மூலை, இன்னொன்று எதிர் மூலை.

ஈஸ்ட் ஹாமில் பதினெட்டு வருஷமாக இருக்கும் மாமா இதைப் பார்த்துவிட்டு, "மாப்ள, இது நேரா வர்ற வழி மாதிரி தெரியலயே. பேசாம வீட்ல உக்காந்து டிவியில பாருங்க" என்றார். அவர் கிரிக்கெட் தவிர எதையும் பார்க்காதவர், அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. மகன் தன் அணியின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டான். எங்கள் இருக்கைகளோ உள்ளூர் ரசிகர்கள் பகுதியில். சுரங்க ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா, எந்தப் பக்கம் உட்காரப் போகிறீர்கள் என்று விசாரித்துவிட்டு, ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிடச் சொன்னார். மிரட்டலாக இல்லை, பேரனிடம் சொல்வது போலத்தான். உள்ளூர் பகுதியில் வெளியூர் அணியின் நிறம் தெரிந்தாலோ, அவர்கள் கோல் போடும்போது துள்ளினாலோ வெளியே அனுப்பிவிடுவார்களாம். வெளியூர் ரசிகர்களுக்குத் தனி மூலை, தனி வாசல். அந்த மூலைக்கான டிக்கெட் அவர்களுடைய சொந்த கிளப் வழியாகத்தான் போகும். பிரீமியர் லீகில் அதற்கு 30 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2016-17 பருவத்திலிருந்து வரம்பு இருக்கிறது. முப்பது! இதை அன்று இரவுதான் படித்தேன்.

ஸ்டேஷன் வாசலில் இரண்டு அணிகளின் நிறமும் பாதிப் பாதி இருந்த மஃப்ளர் ஒன்றை ஆசையாக வாங்கினேன். மகன் முகத்தை மூடிக்கொண்டான். உள்ளூர் ரசிகர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்களாம். முதுகுப்பை பெரிதாக இருக்கிறது, ஏ4 காகித அளவுக்கு மேல் உள்ளே விட மாட்டோம் என்று சோதனையில் சொன்னார்கள். பக்கத்துக் கடையில் 10 பவுண்டு கொடுத்து வைத்துவிட்டு வந்தோம்.

வாசல் என்பது ஆள் உயரத்துக்குக் கம்பிகள் போட்ட சுழல் கதவு. ஒருவர் ஒருவராகத்தான் போக முடியும், போனால் திரும்பி வர முடியாது. மகன் முன்னால் போனான். போனைக் காட்டினான், கதவு சுழன்றது, உள்ளே போய்விட்டான். அடுத்து நான். சிவப்பு விளக்கு. மறுபடி காட்டினேன், மறுபடி சிவப்பு. பின்னால் வரிசையில் இருந்தவர்கள் பெருமூச்சு விட ஆரம்பித்தார்கள். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். அவனிடம் இங்கிலாந்து சிம் கூட இல்லை, அக்கா வீட்டு வைஃபைதான். "அப்பா, நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டான். பதினைந்து வயதுப் பையன், அந்த ஒரு நொடி ஐந்து வயதுக் குழந்தை மாதிரி தெரிந்தான். பணம் போனதெல்லாம் அப்புறம் உறைத்ததுதான். இந்தக் காட்சிதான் இன்னும் போகவில்லை.

மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஊழியர் ஒருவர் வந்தார். என் டிக்கெட்டைச் சோதித்தார். அந்த உறுப்பினரின் கணக்கு முடக்கப்பட்டிருந்தது. இவன் எப்படி உள்ளே போனான் என்று அவன் டிக்கெட்டையும் பார்த்தார்கள். அது 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான சலுகை டிக்கெட். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவனைப் பக்கத்துக் கதவு வழியாகக் கூட்டி வந்து என்னிடம் விட்டார்.

குரலை உயர்த்தாமல் பேசினார் என்பதைச் சொல்ல வேண்டும். இப்படி வந்து நிற்கும் வெளிநாட்டுக் குடும்பங்களை ஒவ்வொரு ஆட்டத்திலும் பார்ப்பதாகச் சொன்னார். நாங்கள் குற்றவாளிகள் இல்லை, ஆனால் டிக்கெட் செல்லாது, வேறு டிக்கெட்டும் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கால்பந்து டிக்கெட்டை அனுமதி இல்லாமல் விற்பதே குற்றம். 1994 ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டம், 166 ஆம் பிரிவு. கால்பந்துக்கென்றே இப்படிச் சட்டம் போட்டதற்குக் காரணம் உண்டு. எழுபது, எண்பதுகளில் ரசிகர் கூட்டங்கள் அடித்துக்கொண்ட காலத்துக்குப் பிறகு, யார் எந்தப் பக்கம் உட்காருகிறார்கள் என்பது அவர்களுக்கு விளையாட்டு விஷயம் இல்லை. பிளாக் டிக்கெட் அந்தப் பிரிவினையைக் குலைத்துவிடும். அப்படியானால் அந்தத் தளங்கள் எப்படி நடக்கின்றன? நான் வாங்கிய தளத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த முகவரி வேறொரு நாடு.

நாலரைக்கு உள்ளேயிருந்து ஒரு சத்தம் எழுந்தது. அறுபதாயிரம் பேர் சேர்ந்து போடும் சத்தம் டிவியில் வருவது போல இருக்காது, நாம் நிற்கிற தரையிலேயே தெரியும். மகன் பேசவே இல்லை. தெருமுனைப் பப்பில் ஆட்டம் ஓடியது. வாசலில் நின்றவர் உள்ளூர் ரசிகர்களை மட்டும்தான் விட்டார். ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு நுழைந்தோம். நான் ஆரஞ்சு ஜூஸோடு ஓரமாக உட்கார்ந்தேன். மைதானத்துக்குள்ளே இருந்தாலும் பீரை இருக்கைக்குக் கொண்டுபோக முடியாதாம், ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மது கூடாது என்று 1985 ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. அவனுடைய அணி ஒரு கோல் போட்டது. மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்து நசுக்கினான், முகத்தில் ஒன்றுமே இல்லை.

பணம் திரும்ப வந்ததா என்றால், இல்லை. 'முழு உத்தரவாதம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தவர்கள், அனுமதி மறுக்கப்பட்டதற்கு மைதானத்தின் கடிதம் வேண்டும் என்றார்கள். சுழல் கதவு ஊழியர் யாருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார்? ஊருக்கு வந்து கார்டு வங்கியில் புகார் கொடுத்தேன். டிக்கெட் அனுப்பப்பட்டதற்கு ஆதாரம் இருக்கிறது என்று மூன்று மாதம் கழித்து மூடிவிட்டார்கள். அந்த வாட்ஸ்அப் இணைப்புதான் ஆதாரம். நீங்கள் இப்படி மாட்டினால், ஊழியரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்காமல் சிவப்பு விளக்கையும் திரையில் வரும் வாசகத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள், வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். நான் எடுக்கவில்லை, அவர்கள் சொன்னபடியே அன்று இரவு நல்ல பிள்ளையாக அழித்தும் விட்டேன்.

நேர் வழி என்ன என்று கேட்டால், பெரிய கிளப் என்றால் பல மாதம் முன்பே அதன் தளத்தில் உறுப்பினராகுங்கள். ஆட்டத்துக்குக் குலுக்கலில் பெயர் கொடுங்கள், கிடைக்காவிட்டால் உறுப்பினர்கள் தங்கள் இருக்கையைத் திருப்பிக் கொடுக்கும் அதிகாரப்பூர்வப் பரிமாற்றப் பக்கத்தைத் தினமும் பாருங்கள். பல கிளப்புகளில் கடைசி நாட்களில்தான் அங்கே நிறைய வரும். பணம் ஒரு பொருட்டில்லை என்றால் கிளப்பே விற்கும் சாப்பாட்டோடு சேர்ந்த ஹாஸ்பிடாலிட்டி டிக்கெட் இருக்கிறது. விலை கொடூரம், ஆனால் கதவு திறக்கும். கிளப்பின் அதிகாரப்பூர்வப் பங்குதாரர் என்று ஒரு தளம் சொல்லிக்கொண்டால், கிளப்பின் பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தோற்றால் வெளியேறும் கோப்பை ஆட்டங்களின் ஆரம்பச் சுற்றுகளுக்கு டிக்கெட் கிடைப்பது சுலபம். லண்டன் கிளப்பான ஆர்சனலின் பெண்கள் அணி ஆட்டத்தை, ஆண்கள் அணி ஆடும் எமிரேட்ஸ் மைதானத்திலேயே பார்க்கலாம், விலையும் மிகக் குறைவு.

எங்களுக்குக் கைகொடுத்தது வேறு ஒன்று. முதல் நான்கு லீக்குகளில் மொத்தம் 92 கிளப்புகள் இருக்கின்றன, நாம் ஏன் ஆறேழு பெயரிலேயே நிற்கிறோம் என்று மகன்தான் கேட்டான். ஈஸ்ட் ஹாமிலிருந்து கிட்டத்திலேயே லெய்ட்டன் ஓரியண்ட் என்ற கிளப். அப்போது மூன்றாம் நிலை லீக், செவ்வாய் இரவு ஆட்டம். கிளப் தளத்திலேயே மூன்று டிக்கெட் எடுத்தோம். மூன்றுக்கும் சேர்த்துக் கொடுத்தது அந்தத் தளத்தின் சேவைக் கட்டணத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். மூன்றாவது டிக்கெட் மாமாவுக்கு, அக்காவின் கட்டாயத்தில்.

அந்த மைதானத்தின் நாலு மூலையிலும் அடுக்குமாடி வீடுகள். பால்கனியில் நாற்காலி போட்டு, கம்பளி போர்த்திக்கொண்டு சும்மா பார்க்கிறார்கள். இங்கிலாந்து அணியின் நட்சத்திரம் ஹாரி கேன் பையனாக இருந்தபோது 2011 ஆம் ஆண்டில் வேறு கிளப்பிலிருந்து வந்த இரவல் ஆட்டக்காரராக இங்கே ஆடியிருக்கிறார் என்று மகன் சொல்லிக்கொண்டே வந்தான். கோல்கீப்பர் கத்துவது எங்கள் வரிசை வரை கேட்டது. இடைவேளையில் வாங்கிய 'பை' (pie) என்கிற பலகாரம் நாக்கைச் சுட்டது. எழுபதாவது நிமிடத்தில் மாமா எழுந்து நின்று, நடுவரைத் தமிழில் திட்டினார். முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்து, என்ன சொன்னார் என்று தெரியாமலே ஆமோதித்தார்.

போன மாதம் மாமாவிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் படம் வந்தது. அடுத்த ஆட்டத்துக்கான டிக்கெட். கீழே, "என் பேரே போட்டு வருது மாப்ள."