என்பிஏவா, யுஎஃப்சியா?

என்பிஏ அமெரிக்கக் கூடைப்பந்து லீக், யுஎஃப்சி கலப்புத் தற்காப்புக் கலைச் சண்டை. இரண்டில் ஒன்றைப் பார்க்கத்தான் நேரம் என்றால் நான் என்பிஏ பக்கம், ஆனால் புலம்பிக்கொண்டே. வழக்கமான சீசனில் ஓர் அணிக்கு 82 ஆட்டம். ஜனவரியில் ஏதாவது ஒன்றைப் போட்டுப் பாருங்கள், ஆடுகிறவர்களுக்கே தூக்கம் வருகிற மாதிரி இருக்கும். நட்சத்திரங்கள் ஓய்வு என்று உட்கார்ந்துகொண்டே இருந்ததால்தான், பெரிய விருது வேண்டுமானால் 65 ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும் என்று விதியே போட்டார்கள்.

சீசன் முடிந்து கோப்பைக்கான பிளேஆஃப் சுற்று வந்தால் கதையே வேறு. 2025 இறுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தில் 0.3 நொடி மிச்சமிருக்கும்போது இந்தியானா அணியின் ஹாலிபர்ட்டன் போட்ட பந்து உள்ளே போனது, அந்த ஆட்டம் முழுக்க அவர்கள் முன்னிலையில் இருந்தது அந்த 0.3 நொடி மட்டும்தான்! அதே மனிதர் ஏழாவது ஆட்டத்தின் முதல் கால்பகுதியிலேயே அகிலிஸ் என்கிற குதிகால் தசைநாண் கிழிந்து தரையை அடித்தபடி கிடந்தார், கோப்பை எதிரணி ஓக்லஹோமா சிட்டிக்குப் போனது. இன்னும் மனசு ஆறவில்லை.

யுஎஃப்சியில் இவ்வளவு காத்திருக்க வேண்டாம். 5 நிமிடச் சுற்று மூன்று, பட்டத்துக்கு ஐந்து. டோபூரியா ஒலிவேராவை முதல் சுற்றிலேயே சாய்த்தபோது தண்ணீர் குடிக்கப் போனவர்கள் ரீப்ளேதான் பார்த்திருப்பார்கள்.

சரி, அப்புறம் ஏன் இரண்டாம் இடம்? யார் யாரோடு மோதுவது என்பதை அங்கே அட்டவணை முடிவு செய்வதில்லை, பேரம் முடிவு செய்கிறது. ஹெவிவெயிட் சாம்பியன் ஜோன்ஸ், அவருக்குச் சவாலாக நின்ற ஆஸ்பினால் சண்டைக்கு எத்தனை நாள் காத்திருந்தோம்! கடைசியில் 2025 ஜூனில் ஜோன்ஸ் ஓய்வு என்றார், சாம்பியன் பெல்ட் சண்டையில்லாமலே ஆஸ்பினால் கைக்கு வந்தது. அக்டோபரில் அவர் சிரில் கான் என்ற வீரரோடு இறங்கினார், ஆஸ்பினால் கண்ணில் விரல் பட்டு சண்டை முதல் சுற்றிலேயே முடிவில்லாமல் நின்றது.